பிட் போட்டாச்சு, பதிலைக் காணோம்!

கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வாடகைக்கு விடும் வீடு விளம்பரத்தில் வரும்போது, ‘இது எனக்கு வேண்டும்’ என்று தளத்தில் பதிவதுதான் பிட். கவுன்சில் வீட்டுக்குப் பிட் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில். இவை இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டம் வேறு. இங்கிலாந்துக்குள்ளும் கவுன்சிலுக்குக் கவுன்சில் ஒதுக்கீட்டுக் கொள்கை மாறும். உங்கள் கவுன்சிலின் கொள்கை அதன் இணையத்தளத்தில் இருக்கும், பக்கம் பக்கமாக ஓடும். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. பேண்ட் (தேவையைப் பார்த்துப் போடும் முன்னுரிமைப் பிரிவு) எப்படிக் கொடுக்கிறார்கள், படுக்கையறையை எப்படிக் கணக்கிடுகிறார்கள், வீட்டை மறுத்தால் என்ன நடக்கும் என்ற மூன்று பகுதிகளைப் படித்தால் போதும்.

கேள்வி: இரண்டு அறை பிளாட் ஒன்றுக்குப் பிட் போட்டேன். போட்டபோது 4ஆம் இடம், அடுத்த நாள் 11, மூடும்போது 9. மூன்று கிழமையாகிறது, பேச்சுமூச்சில்லை. இன்னும் எவ்வளவு நாள் பார்ப்பது? யாரைக் கேட்பது?
(வாசகி, கிழக்கு லண்டன்)

பதில்: பிட் திறந்திருக்கும் நாட்களில் தளம் காட்டும் இடம் அந்த நேரத்துக் கணக்கு மட்டுமே. மூடிய பின் நிற்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் முடிந்த முடிவல்ல. பட்டியல் மூடியதும் அதிகாரி மேலிருந்து ஒவ்வொரு விண்ணப்பமாகத் திறப்பார். அறைக் கணக்கு பொருந்துகிறதா, வாடகைப் பாக்கி உண்டா, இதே ஆளுக்கு வேறொரு வீடு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறதா, ஆவணங்கள் புதியனவா என்று பார்த்துத் தேறியவர்களை வியூயிங்குக்கு, அதாவது வீட்டைப் பார்க்க, அழைப்பார். சில கவுன்சில்கள் ஒரே நேரத்தில் நாலைந்து பேரைக் கூப்பிடும். சில, முதலாமவரை மட்டும் கூப்பிட்டு, அவர் வேண்டாமென்றால்தான் இரண்டாமவருக்குப் போன் போடும். இரண்டாவது முறையில் 9ஆம் இடத்துக்கு முறை வருவதற்குள் கிழமைக்கணக்கில் ஓடிவிடும்.

தாமதத்துக்கு இன்னொரு காரணம், விளம்பரம் வரும்போது வீடு பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. பழைய குடியிருப்பாளர் நோட்டீஸ் கொடுத்தவுடனேயே விளம்பரத்தைப் போட்டுவிடுவார்கள். அவர் போய், சாவி திரும்பி வந்து, கேஸ், மின்சாரச் சோதனை முடிந்து, பூஞ்சணத்துக்கும் சமையலறைக்கும் வேலை பார்த்த பிறகுதான் ஆட்களைக் கூட்டிப் போவார்கள். வீடு ஹவுசிங் அசோசியேஷனுடையது (குறைந்த வாடகைக்கு வீடு தரும் இலாபநோக்கற்ற அமைப்பு) என்றால் மேலும் ஒரு படி உண்டு. கவுன்சில் பெயரை அனுப்பும், அசோசியேஷன் தன் பங்குக்கு ஒரு நேர்காணல் வைத்து, வருமானத்தையும் பார்க்கும்.

உங்கள் கணக்கில் அந்த வீட்டின் நிலை என்ன என்று பாருங்கள். ‘ஷார்ட்லிஸ்ட்’ என்றிருந்தால் பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அண்டர் ஆஃபர்’ என்றால் ஒருவரிடம் வீட்டை நீட்டியிருக்கிறார்கள், அவர் இன்னும் கையெழுத்திடவில்லை. ‘லெட்’ என்று மாறினால் கதை முடிந்தது. கிடைக்காதவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போடும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை. சத்தமில்லாவிட்டால் ‘இல்லை’ என்றுதான் அர்த்தம்.

கேட்பதென்றால் பொது இலக்கத்துக்கு அடித்து வரிசையில் நிற்காமல், அலொகேஷன்ஸ் அல்லது லெட்டிங்ஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் விண்ணப்ப இலக்கம், வீட்டின் விளம்பர இலக்கம் இரண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். இறுதிப் பட்டியலில் என் இடம் என்ன, வியூயிங் நடந்துவிட்டதா, என் ஆவணங்களில் ஏதாவது குறைகிறதா என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு அதிகம் உதவும். முதல் ஐந்து இடத்துக்குள் இருப்பவர் மூடி ஒரு கிழமையிலேயே கேட்கலாம். 9ஆம் இடம் என்றால் நிலை மாறும்வரை பொறுக்கலாம். எதற்காகவும் அடுத்த வாரப் பிட்டை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: விளம்பரம் வந்த முதல் நிமிடத்திலேயே பிட் போடுகிறேன். பின்னால் வந்தவர்கள் முந்திப் போகிறார்கள். இது என்ன நியாயம்?
(வாசகர், வடமேற்கு லண்டன்)

பதில்: முதலில் பிட் போட்டவருக்கு எந்தச் சலுகையும் இல்லை. நள்ளிரவுக்கு அலாரம் வைத்து எழும்புவதை விட்டுத் தூங்குங்கள். வரிசை முதலில் பேண்ட் அல்லது புள்ளிப்படி அமையும். ஒரே பேண்டுக்குள் யாருடைய முன்னுரிமைத் தேதி (காத்திருப்பை எண்ணத் தொடங்கும் நாள்) பழையதோ அவர் மேலே. பிட் மூடும் கடைசி நிமிடத்தில் போட்டாலும் பேண்ட் ‘ஏ’ காரர் உங்களுக்கு மேலேதான் வருவார்.

உண்மையில் பயன் தருவது முந்தைய முடிவுகளின் பட்டியல். பல கவுன்சில்கள் கொடுத்து முடித்த வீடுகளை வெளியிடுகின்றன: எந்தத் தெரு, எத்தனை அறை, எத்தனை பிட், கிடைத்தவரின் பேண்ட், அவருடைய தேதி. கடந்த ஆறு மாதத்துக்கு உங்கள் அளவு வீடுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்களுடையது பேண்ட் ‘பி’, தேதி 2021 ஜூன் என்று வைத்துக்கொள்வோம். பின்தோட்டம் உள்ள வீடுகளெல்லாம் பேண்ட் ‘பி’யில் 2016, 2017 தேதிக்காரருக்குப் போயிருக்கும். நான்காம் மாடி, லிஃப்ட் இல்லாத பிளாட் 2020ஆம் ஆண்டுக்காரருக்குப் போயிருக்கும். அப்படியானால் தோட்டவீட்டுக்குப் போடும் பிட் வீண், மாடிக்குப் போடும் பிட்டுக்கு உயிருண்டு. கிழமைக்கு இரண்டோ மூன்றோ பிட்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள். ஆசைப்பட்ட வீட்டுக்கு ஒன்று, கிடைக்கக்கூடிய வீட்டுக்கு மற்றவை என்று பிரியுங்கள். ஆனால் கிடைத்தால் போக மாட்டீர்கள் என்று தெரிந்த வீட்டுக்குப் போடாதீர்கள். மறுப்பு எண்ணிக்கை ஏறினால் சில மாதம் பிட் போடவே தடை விழக்கூடும்.

முடிவுகள் வெளியிடாத கவுன்சில் என்றால் தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம்; 20 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். தவிர, உங்களைப் போன்ற ஒருவருக்கு ஏற்ற வீடு கிடைக்க எவ்வளவு காலம் ஆகக்கூடும் என்ற பொதுவான கணிப்பைக் கேட்க 1996ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 166ஏ பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. சில ஊர்களில் வரும் பதில் மனதை ஒடிக்கும். ஆனாலும் கேட்டு வைத்தால் தனியார் வாடகையில் தொடர்வதா, வேறு ஊர் பார்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

கேள்வி: ஒரு வீட்டுக்கு நாங்கள்தான் முதலாம் இடம். பிறகு பார்த்தால் ‘ஸ்கிப்’ என்று வந்துவிட்டது, காரணம் சொல்லவில்லை. மனைவி அழுதுகொண்டே இருக்கிறார். எதற்காக எங்களைத் தாண்டிப் போனார்கள்?
(வாசகர், மிட்லண்ட்ஸ்)

பதில்: காரணத்தை எழுத்தில் கேளுங்கள், இன்றைக்கே. அதற்குமுன் வழக்கமான காரணங்களைச் சொல்கிறோம். உங்களுடையது இதற்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

அதிகமாக விழுவது ஆவணத்தில். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல், பெயர். கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் தகப்பனின் பெயர் கடைசிப் பெயராக நிற்கும். பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர் கடைசிப் பெயர். மனைவியின் வங்கிக் கணக்கு இன்னமும் அவருடைய தகப்பன் பெயரில். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர். போதாததற்கு ஓரிடத்தில் ‘டிஎச்’, இன்னோரிடத்தில் வெறும் ‘டி’ என்று எழுத்து மாறியிருக்கும். கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு இது ஒரே குடும்பம்தானா என்று சந்தேகம் வந்தால் அந்த வாரம் உங்களைக் கடந்து போவதுதான் அவருக்குச் சுலபம். திருமணப் பதிவு, பிள்ளைகளின் முழுப் பிறப்புச் சான்றிதழ், சைல்ட் பெனிஃபிட் கடிதம் மூன்றையும் சேர்த்து, யார் யாருடைய பெயர் ஏன் அப்படி என்று நாலு வரி எழுதி இப்போதே கோப்பில் ஏற்றிவிடுங்கள். இலங்கைப் பிறப்புப் பதிவு தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

அடுத்தது தேதி கடந்த தாள்கள். முகவரிக்கான பில், பாங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை அண்மைய இரண்டு, மூன்று மாதத்துக்குள் கேட்பார்கள். விண்ணப்பித்தபோது ஏற்றிய தாள் நாலு வருடம் பழையதாகியிருக்கும். விசா நிலையைக் காட்டும் ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும். வியூயிங் அழைப்பு வந்ததும் புதிதாக எடுங்கள். பழைய பிஆர்பி (வதிவிட அனுமதி) அட்டையின் படத்தை மட்டும் ஏற்றி வைத்திருப்பவர்கள் ஈவிசா (இணையவழி விசா) கணக்கைத் திறந்து விவரம் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

பாக்கி இன்னொன்று. பழைய கவுன்சில் வரி, முந்தைய வீட்டு வாடகை, தற்காலிக வீட்டின் கட்டணம் எதுவும் இதில் சேரலாம். பாக்கி முழுவதையும் அடைக்க முடியாவிட்டாலும், தவணை ஒப்பந்தம் போட்டுச் சில மாதம் தவறாமல் கட்டினால் பல கவுன்சில்கள் இளகும். எத்தனை மாதம் என்பது கொள்கையில் இருக்கும்.

வீடே உங்களுக்குப் பொருந்தாமலும் இருந்திருக்கலாம். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில், 50 வயதுக்கு மேல், சக்கர நாற்காலி தேவைப்படுவோர், வேலை செய்யும் குடும்பம், ஏற்கெனவே கவுன்சில் குடியிருப்பாளர் என்று நிபந்தனை இருக்கும். தளம் உங்களைத் தடுக்காமல் பிட்டை ஏற்றுக்கொண்டு முதலாம் இடமும் காட்டும், சரிபார்ப்பில்தான் விழும்.

ஹவுசிங் அசோசியேஷன் வீடென்றால் வருமானச் சோதனையும் உண்டு. வாடகை ‘அஃபோர்டபிள் ரென்ட்’ என்றிருந்தால் அது சந்தை வாடகையில் 80 சதவீதம்வரை போகும். பெனிஃபிட் உச்சவரம்பு (ஒரு குடும்பம் வாங்கக்கூடிய அரசு உதவித்தொகையின் எல்லை) லண்டன் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 25,323 பவுண், அதாவது மாதம் சுமார் 2,110. லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 22,020. லண்டனில் வேலையில்லாத குடும்பம் ஒன்றுக்கு மாத வாடகை 1,400 என்றால் மிச்சம் 710. அதற்குள் நாலு பேர் சாப்பிட முடியாது என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். உங்களுக்கோ துணைவருக்கோ பிஐபி (உடல், மன இயலாமைக்கான உதவித்தொகை) அல்லது கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவித்தொகை) வந்தால் அந்த உச்சவரம்பு பொருந்தாது. இதைச் சோதிப்பவர் கவனிக்காமல் விடுவதுண்டு. நேர்காணலில் நீங்களே சொல்லுங்கள், கடிதத்தையும் காட்டுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ‘இந்த இலக்க வீட்டுக்கு என்னைத் தவிர்த்ததற்கு எந்த விவரத்தை வைத்து முடிவெடுத்தீர்கள்’ என்று கேளுங்கள். உங்கள் நிலைமை பற்றி எடுத்த முடிவைத் தெரிந்துகொள்ளவும், அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லவும் அதே 166ஏ பிரிவில் உரிமை உண்டு. மறுபரிசீலனைக்குப் பல கவுன்சில்கள் 21 நாள் கெடு வைத்திருப்பதால் காலம் கடத்தாதீர்கள். கோப்பின் நகலைத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் வழக்கமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்; அதிகாரி எழுதி வைத்த குறிப்பும் அதில் வரும். தவறு அவர்களுடையது என்று தெரிந்து, கவுன்சிலின் முறைப்பாட்டுப் படிகளையும் முடித்துவிட்டால், அடுத்தது லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷல் கேர் ஒம்புட்ஸ்மன் (கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பு). ஹவுசிங் ஒம்புட்ஸ்மன் என்பது வேறு. அது வீட்டுச் சொந்தக்காரராகக் கவுன்சிலோ அசோசியேஷனோ நடந்துகொள்ளும் விதத்தைப் பார்ப்பது. பேண்ட், பிட் சங்கதிகளை அங்கே அனுப்பி மாதங்களைத் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: தற்காலிக விடுதியில் இருக்கிறோம். நாங்கள் கேட்காமலே கவுன்சில் எங்கள் பெயரில் பிட் போட்டு மூன்றாம் மாடி வீடொன்றைத் தந்திருக்கிறது. லிஃப்ட் இல்லை. மாமியாருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது. வேண்டாம் என்று எழுதலாமா?
(வாசகி, தெற்கு லண்டன்)

பதில்: எழுதாதீர்கள், அம்மா. இதுதான் இந்தப் பகுதியில் மிக அவசரமான பதில்.

வீடற்றவர்களுக்கு இடம் தரக் கவுன்சிலுக்கு உள்ள சட்டக் கடமையின் கீழ் இருப்பவர்களுக்குக் கவுன்சில் தானே பிட் போடலாம். கிடைக்கும் வீடு பெரும்பாலும் ‘இறுதி வாய்ப்பு’. கடிதத்தில் அப்படி எழுதியிருந்து, வீடு பொருத்தமானது என்றும் தீர்ந்து, நீங்கள் மறுத்தால் கவுன்சிலின் கடமை முடிந்துவிடும். இப்போதிருக்கும் விடுதியையும் விட வேண்டிவரும். அதனால் வீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள், கூடவே பொருத்தமில்லை என்று மறுபரிசீலனையும் கேளுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய அதே 1996 சட்டத்தின் 202ஆம் பிரிவு இடம் தருகிறது. முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாள்தான் அவகாசம். வென்றால் வேறு வீடு, தோற்றாலும் தலைக்குமேல் கூரை இருக்கும்.

ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) கடிதம் கேட்கும்போது ‘முழங்கால் வலி உள்ளது’ என்ற ஒற்றை வரியை வாங்கி வராதீர்கள். எத்தனை படி ஏற முடியும், இறங்கும்போது கைப்பிடி வேண்டுமா, நாளைக்கு எத்தனை தடவை வெளியே போக வேண்டியிருக்கிறது, விழுந்ததுண்டா என்று அதில் வர வேண்டும். ஆக்குப்பேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று பார்க்கும் சிகிச்சையாளர்) வீட்டுக்கு வந்து பார்த்து எழுதிய அறிக்கை இருந்தால் இன்னும் பலம். மாமியார் உங்கள் விண்ணப்பத்தில் வீட்டு உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் அவருடைய முழங்காலைக் கவுன்சில் கணக்கில் எடுக்காது. ஷெல்டர், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்புகள், அருகிலுள்ள லோ சென்டர் (சட்ட ஆலோசனை மையம்) ஆகியவற்றில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். வீடற்றோர் வழக்குகளுக்கு, வருமானம் குறைவானவர்களுக்கு லீகல் எய்டும் (அரசின் சட்ட உதவி) உண்டு. மறுபரிசீலனையிலும் தோற்றால் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போக இன்னொரு 21 நாள், அதுவும் சட்டப் பிழை இருந்தால் மட்டும். ஆகவே வழக்கறிஞரை முதல் கிழமையிலேயே பிடியுங்கள்.

கேள்வி: நாளை மறுநாள் வியூயிங். பிடித்தால் உடனே கையெழுத்தா? இப்போதிருக்கும் தனியார் வீட்டுக்கு நோட்டீஸ் எப்போது கொடுப்பது?
(வாசகர், மேற்கு லண்டன்)

பதில்: அங்கேயே, அல்லது 24 மணி நேரத்துக்குள் பதில் கேட்பது வழக்கம். அதனால் யோசிக்க வேண்டியதை இன்றிரவே யோசித்து வையுங்கள். அளவு நாடாவும் டோர்ச்சும் கொண்டு போங்கள். தரையில் கார்ப்பெட் இருக்காது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, திரைச்சீலை எதுவும் இருக்காது. அறை அறையாக நீள அகலம் எடுத்தால் தரைவிரிப்புச் செலவு அன்றைக்கே தெரியும். அடுப்புக்கு கேஸ் இணைப்பா, மின்சாரமா என்று கேளுங்கள். வெளிச்சுவர் மூலைகளிலும் குளியலறைக் கூரையிலும் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் பாருங்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் கையை வைத்து ஈரம் பாருங்கள். குறை இருந்தால் வீட்டை மறுக்க அவசரப்பட வேண்டாம். இன்னின்ன வேலையைக் குடிவருமுன் செய்து தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். மாத வாடகையோடு சேவைக் கட்டணம், சூடாக்கும் கட்டணம் தனியாக உண்டா என்பதும் முக்கியம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பழைய வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதீர்கள். வாயால் ‘வீடு உங்களுக்குத்தான்’ என்று சொன்ன பிறகும் வருமானச் சோதனையில் விழுந்தவர்கள் உண்டு. இதில் ஒரு சங்கடம்: 2026 மே 1 முதல் தனியார் வாடகைக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. கவுன்சில் ஒப்பந்தமோ கையெழுத்திட்ட அடுத்த திங்களே தொடங்கிவிடும். வீட்டுக்காரரிடம் பேசிக் குறைந்த நோட்டீஸுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். புது ஆளிடம் கூடுதல் வாடகை வாங்கலாம் என்று பலர் சம்மதிப்பார்கள்.

யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகை) எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பீட்டு மாதத்தின் (உதவித்தொகையைக் கணக்கிடும் ஒரு மாதக் காலம்) கடைசி நாளில் எந்த வீட்டில் இருக்கிறீர்களோ, அந்த வீட்டு வாடகையே முழு மாதத்துக்கும் கணக்கு. இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தருவது விசேஷ காரணங்களுக்கு மட்டும். உங்கள் மதிப்பீட்டு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் பார்த்து, குடிபெயரும் நாளை அதற்கேற்ப வையுங்கள். கையெழுத்திடும் அன்றே ஒரு கிழமை அல்லது ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பார்கள். வங்கியில் அந்தத் தொகை இருக்கட்டும்.

கேள்வி: மகனுக்கு 9, மகளுக்கு 7. எப்போது மூன்று அறைக்குப் பிட் போட முடியும்?
(வாசகி, கிழக்கு லண்டன்)

பதில்: 10 வயதுக்குக் கீழ் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் என்பதுதான் பெரும்பாலான கொள்கைகளின் கணக்கு. மகனுக்கு 10 ஆனதும் தனி அறை சேரும். ஆனால் தானாகச் சேராது. பிறந்தநாளுக்குப் பிறகு ‘நிலைமை மாற்றம்’ படிவத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். இரண்டு அறையில் நெருக்கடி என்று பேண்ட் உயர்ந்தால் முன்னுரிமைத் தேதி புதிய பேண்டுக்கு வந்த நாளாக மாறிவிடலாம். பழைய தேதி தொடருமா என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்று அறை வீடுகள் வருவது இரண்டு அறையைவிடக் குறைவு என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: தெரிந்த ஒருவர் 500 பவுண் தந்தால் பட்டியலில் மேலே ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: கூடாது. விண்ணப்பிப்பதும் பிட் போடுவதும் இலவசம். வெளியாள் எவராலும் தேதியை மாற்ற முடியாது. அவர் செய்யக்கூடியது உங்கள் பெயரில் பொய் விவரம் ஏற்றுவது மட்டும்தான். அது 1996 வீடமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவின் கீழ் குற்றம், மாட்டுவது நீங்கள். கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றி, விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஐந்து வருடம் காத்திருந்த விண்ணப்பத்தை, வருடாந்தப் புதுப்பிப்புக்குப் பதில் தரவில்லை என்று ரத்துச் செய்துவிட்டார்கள். மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்தது. பழைய தேதி திரும்பக் கிடைக்குமா?
(வாசகர், வடக்கு லண்டன்)

பதில்: கிடைக்க வழியுண்டு, வேகம் வேண்டும். பல கவுன்சில்கள் ரத்தாகி 28 நாளோ அதற்குச் சற்றுக் கூடவோ ஆவதற்குள் கேட்டால் பழைய தேதியோடு திறந்து தரும். புதிய விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். போட்டால் தேதி இன்றையதாகிவிடும். ரத்தை மறுபரிசீலனை செய்யும்படி எழுதி, அந்தக் காலத்தில் நீங்கள் பிட் போட்ட பதிவுகளைக் காட்டுங்கள். போன மாதம் பிட் போட்டவர் ‘தொடர்பில் இல்லை’ என்று சொல்வது எடுபடாது. ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், வீடு மாறினீர்கள் என்றால் அதற்கான தாளையும் சேருங்கள். இனிமேல் கவுன்சிலின் மின்னஞ்சல் முகவரியைத் தொடர்புப் பட்டியலில் சேமித்து, புதுப்பிப்பு மாதத்தை போன் நாள்காட்டியில் இரண்டு தடவை குறித்து வையுங்கள்.